இரண்டாவது ஸ்லைடு

நான் வேலை பார்க்கும் லேபில் ரத்தம் சுற்றும் மெஷினுக்கு ஒரு கால் குட்டை. டியூப்களை வைத்து சுவிட்சைப் போட்டால் மேசையோடு சேர்ந்து ஆடும். அதை நிறுத்த லேப்காரர் ஒரு வழி வைத்திருந்தார். பரிசோதனைக்கான புதுக் கிட் பெட்டியை உடைத்தால் உள்ளே எட்டாக மடித்த தாள் ஒன்று இருக்கும். கிட்டை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே ஏமாந்துபோவோம் என்று கம்பெனிக்காரன் பொடி எழுத்தில் அச்சடித்த தாள். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் குட்டைக் காலுக்கு அடியில் செருகிவிடுவார். பழசு நசுங்கிப்போனால் அதன்மேல் புதுசு. அந்தத் தாளில் இருந்த ஒரு வரியை அவர் படித்திருந்தால் என் மூத்த மகளுக்கு இப்போது பத்து வயது. இதைச் சாந்தமாக எழுத எனக்கு வராது. முயற்சி செய்யப்போவதும் இல்லை.

அவர் பெயரையோ லேப் இருக்கும் ஊரையோ எழுத மாட்டேன். பயந்துகொண்டு அல்ல. பெயரை எழுதினால் அந்த ஒருவர்தான் அப்படி என்று மற்ற லேப்காரர்கள் எல்லாம் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதியை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசில்லை.

நான் பிறந்தது குமுளி மலையடிவாரத்துக் கூடலூர். வாக்கப்பட்டது பண்ணைப்புரம் பக்கம், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். பனிக்குடம் உடைந்து ஒரு முழு நாள் கழித்துத்தான் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழுத்தமான உதடு, என் அண்ணனைப் போலவே.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைக்க வேண்டும். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. யார் வைப்பது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். அண்ணன்தான் ஜீப் ஓட்டி என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவன். விடிவதற்குள் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறி, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவந்து விடுவான். அன்றைக்கு வண்டியை வழியிலேயே வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான்.

"ரெண்டு தடவ சோப்புப் போட்டேன் தாயி. டீசல் வாடை போயிருச்சான்னு மோந்து பாரு" என்று கையை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

மோந்து பார்த்தேன். சோப்பு வாடைதான். சேனை வைத்தான். பிள்ளை அவன் விரல் நுனியைச் சப்பியது. அண்ணன் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை பால் இழுக்கவில்லை. உள்ளங்கால் சில்லென்று இருந்தது. தட்டி எழுப்பினால் முனகியது, அழவில்லை. டாக்டரம்மா பிள்ளையின் கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சின்ன டியூபில் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரியில் லேப் கிடையாது. டியூபை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு அண்ணன்தான் பக்கத்து ஊர் லேபுக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் தாளை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

"நெகட்டிவாம் தாயி! கிருமி ஒண்ணும் இல்லேன்னு அந்த சாரே சொன்னாக. சந்தோசமாப் போங்கன்னாக."

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். பிள்ளை இன்னும் குடிக்கப் பழகவில்லை, பாலைப் பீய்ச்சிச் சங்கில் புகட்டுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மத்தியானம் பிள்ளையின் உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. அண்ணன் மதுரை வரைக்கும் வண்டியை மிதித்தான். அங்கே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் கிருமி புகுந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம் உண்டு, சி.ஆர்.பி. என்பார்கள். அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மறுநாள் காலையில் பிள்ளை போய்விட்டது.

அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்: "வெளியில இருந்து வாயில ஏதாவது குடுத்தீங்களா?" அவள் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். என் நாத்தனார் அந்தக் கேள்வியை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"ஜீப்புக் கையோட வந்து சேனை வச்சாக. பச்ச மண்ணு தாங்குமா?"

எழவு வீட்டில் சொன்ன அந்த வார்த்தை எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றி வந்தது. போகிற வீட்டிலெல்லாம் சொன்னாள், வாய் கூசாமல் சொன்னாள். என் மாமனார் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களையெல்லாம் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும். நானும் நம்பினேன். அந்தக் கையை மோந்து பார்த்தவளே நான்தான், நானே நம்பினேன். ஆறு வருஷம் அண்ணனோடு பேசவில்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டு வருவான். வாசலில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போவான். யாராவது தெரியாத்தனமாகப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான்.

அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். ஒரு நாள் அவராகவே தேனியில் லேப் டெக்னீசியன் படிப்பில் என்னைச் சேர்த்துவிட்டு வந்தார். இரண்டாம் வருஷம், ஸ்லைடில் பார்க்கும் பரிசோதனைகளைப் பற்றி மேடம் பாடம் எடுத்தார்.

விஷயம் எளிமையானது. ரத்தத்தைச் சுற்றினால் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதில் ஒரு சொட்டு, பால்போல் வெள்ளையாக இருக்கும் கிட் மருந்தில் ஒரு சொட்டு. கறுப்பு ஸ்லைடில் இரண்டையும் கலந்து இரண்டு நிமிடம் ஆட்ட வேண்டும். திரிதிரியாகத் திரண்டால் சி.ஆர்.பி. இருக்கிறது. திரளாவிட்டால் இல்லை. ஆனால் அந்தப் புரதம் அளவுக்கு மீறி இருந்தாலும் திரளாது என்றார் மேடம். இரண்டு பேர் ஒரே குடத்தைப் பிடித்தால்தான் சேர்ந்து நிற்பார்கள், குடம் ஏராளமாகிவிட்டால் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு தனித்தனியாக நிற்பார்கள், பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும் என்றார்.

"அதனால பச்சப்பிள்ளைக ரத்தத்துல நெகட்டிவ் வந்தா நம்பிராதீங்க. உப்புத் தண்ணி கலந்து இன்னொரு ஸ்லைடு போடுங்க. அப்பவும் நெகட்டிவ்னா, ஆரம்பத்துல அது ஏறாமலும் இருக்கும், மறுநாளும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. கிருமிய வளத்துப் பாக்குற கல்ச்சர் வர நாளாகும். பிள்ளைக்கு அவ்வளவு நாள் கிடையாது."

பஸ்ஸில் வீடு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பிள்ளையின் இரண்டு ரிப்போர்ட் தாள்களையும் எடுத்தேன். காலையில் நெகட்டிவ். அதே நாள் மாலையில் மதுரையில் எக்கச்சக்கம். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரே பகலில் அவ்வளவு உயரம் ஏறக்கூடிய புரதம் இல்லை அது. காலையிலேயே நிறைய இருந்திருக்கிறது. நிறைய இருந்ததால்தான் ஸ்லைடில் தெரியவில்லை. பனிக்குடம் உடைந்த அந்த ஒரு நாளில் ஏறிய கிருமியாகத்தான் இருக்கும். சர்க்கரைத் தண்ணீர் வைத்த விரலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஆறு வருஷம் போயிருந்தது. காலையிலேயே மருந்து ஏறியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று யாரும் எனக்குச் சத்தியம் பண்ணித் தர முடியாது. அந்தச் சந்தேகத்தின் பலனை லேப்காரருக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

அழுதேன் என்று எழுதினால் பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழியைச் சுமக்க வேண்டிய ஆள் கிடைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சாப்பிட்டேன் தாயி, நீ சாப்பிட்டியா?" என்றான். அவ்வளவுதான் பேசினோம். ரிப்போர்ட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் நேராக வண்டியை எடுத்துக்கொண்டு போய் லேப்காரரின் சட்டையைப் பிடிப்பான், அவர் கண்கலங்கினால் விட்டுவிட்டு வந்துவிடுவான். அவன் அப்படிப்பட்டவன். எனக்கு அது போதாது. அந்த மனுஷனைக் கையும் களவுமாகப் பிடித்து நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டும். அதுவரைக்கும் யாருக்கும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவு பண்ணினேன்.

படிப்பு முடிந்ததும் அவருடைய லேபிலேயே போய் வேலை கேட்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. எத்தனை பேருக்கு நெகட்டிவ் கொடுத்திருப்பார், ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? ஊரில் எல்லோரும் தங்கமான மனுஷன் என்பார்கள். உண்மையிலேயே தன்மையாகத்தான் பேசுவார். போனில் மகளோடு கொஞ்சிக்கொண்டே மறு கையால் ஸ்லைடை ஆட்டுவார். கலந்து பார்க்கலாமா சார் என்று முதல் மாதத்திலேயே ஒரு தடவை கேட்டுவைத்தேன்.

"நெகட்டிவ்னா நெகட்டிவ்தாம்மா. மறுபடி மறுபடி பாத்தா மாறிருமா?" என்றார்.

அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு இனித்தது. இன்னும் சொல்லு, இன்னும் நல்லாச் சொல்லு என்று மனசுக்குள் ஊட்டிவிட்டேன். பச்சப்பிள்ளைகளின் ரத்தம் வரும்போது மட்டும், அவர் பார்த்து முடித்ததும், அவருக்குத் தெரியாமல் உப்புத் தண்ணீர் கலந்து இரண்டாவது ஸ்லைடு போடுவேன். இரண்டாவதும் நெகட்டிவாகவே வரும். முதல் ஸ்லைடு சரியாக வருவதுதான் வழக்கம், தப்பாவது அபூர்வம். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஏமாற்றம்தான் வந்தது. ஒரு தாயாக இருந்துகொண்டு, நோயாளிப் பிள்ளை ஒன்று வராதா என்று இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன்.

இதற்கு நடுவில் எனக்கு மகன் பிறந்தான். சேனை வைக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று படித்தவள் நான், லேபுக்கு வருகிற எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அண்ணனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றான். உள்ளே வரவில்லை. பிள்ளைக்குச் சட்டையை நர்ஸிடம் கொடுத்தனுப்பினான். ஜன்னல் வழியாக அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரியம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான் காத்திருந்தது ஒரு நாள் மத்தியானம் வந்தது. பக்கத்து ஊர் கிளினிக்கிலிருந்து பிறந்து இரண்டு நாளான பிள்ளையின் ரத்தம். பால் இழுக்கவில்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. லேப்காரர் ஸ்லைடை ஆட்டினார். வெள்ளை அப்படியே வழுவழுவென்று இருந்தது. நெகட்டிவ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

தெளிந்த நீர் ஒரு பங்கு, உப்புத் தண்ணீர் ஒன்பது பங்கு. கலந்து ஸ்லைடில் விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கெட்டுப்போன பால்போலத் திரிந்தது.

மாட்டிக்கிட்டான். எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இரண்டாவது என்ன தோன்றியது என்பதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. அவர் கையெழுத்துப் போட்ட தாள் மேசைமேல் இருந்தது. அது அப்படியே வெளியே போகட்டும் என்று தோன்றியது. போனால், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், அப்புறம் அந்த ஆள் எழுந்திருக்கவே முடியாது. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. ஸ்லைடு ஆட்டுகிற இரண்டு நிமிடம் இருக்கலாம்.

கிளினிக் நர்ஸ் போன் பண்ணினாள். "அக்கா, ரிப்போர்ட் ஆயிருச்சா? பிள்ளையோட மாமன் அங்கனதான் வாசல்ல நிக்கிறாக. அவுக கையில குடுத்துவிடுங்க."

எட்டிப் பார்த்தேன். வெயிலில் ஒரு ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும், "நல்ல ரிப்போர்ட்டுங்களா?" என்றான்.

அவனிடம் அந்தத் தாளைக் கொடுக்க என்னால் முடியவில்லை. போனில், கலந்து பார்த்தால் ரொம்ப அதிகமாக இருக்கிறது, உடனே மருந்தை ஆரம்பித்துத் தேனி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அன்றே அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் பிள்ளை வீடு திரும்பியது.

லேப்காரர் ஏப்பம் விட்டுக்கொண்டு உள்ளே வந்தபோது மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தேன். இரண்டு ஸ்லைடு. மெஷின் காலுக்கு அடியிலிருந்து உருவி விரித்த தாள், அந்த ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. என் மகளின் இரண்டு ரிப்போர்ட். ஒவ்வொன்றாகப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, இதுக்காகத்தான் வேலைக்கு வந்தியா?"

"ஆமா சார்."

"என்ன வேணும் உனக்கு? லேபை மூடிறவா?"

"மூட வேணாம். எம் மகன் காதுகுத்துக்கு வரணும். நீங்க செஞ்சதை எங்க மாமனார் முன்னால, சனம் முன்னால சொல்லணும். இல்லேன்னா இதை அம்புட்டையும் எடுத்துட்டு ஒவ்வொரு டாக்டராப் பார்ப்பேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருகிறேன் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

கடமலைக்குண்டு தாண்டி எங்கள் குலதெய்வம் கோயில். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அண்ணன் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்ததால் வேறு யாராவது மாமன் முறை மடி போதும் என்று பேசி வைத்திருந்தார்கள். அண்ணன் சீர்த்தட்டு எல்லாம் முறையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டிகள் நின்ற புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் ஆள் விட்டுப் பந்தலுக்குள் கூப்பிட்டேன்.

லேப்காரர் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். என் மாமனாருக்கு முன்னால் நின்று, மென்று விழுங்காமல் சொன்னார். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

"மூத்த பிள்ளைக்கு அன்னைக்கு ரத்தத்துல கிருமி இருந்துச்சுங்க. இல்லேன்னு எழுதிக் குடுத்தது நானு. இன்னொரு தடவ பாக்கணும்னு எனக்குத் தெரியல. சேனை வச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. இந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல."

நாத்தனார் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். அவள் மூடியதைக் கண்குளிரப் பார்த்தேன். மாமனார் எழுந்து போய், "பெரிய தப்புப் பண்ணிட்டோம் தம்பி" என்று அண்ணனின் தோளைத் தொட்டார். ஒன்பது வருஷமாக எரிந்த என் வயிறு குளிர்ந்தது.

லேப்காரர் அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணன் அவர் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டான். "நீங்க தெரிஞ்சா சார் செஞ்சீக? விடுங்க" என்றான். அவ்வளவுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிய மூன்று வருஷத்தை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டான். எனக்கு அவன்மேல்கூடக் கோபம் வந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்பத் தெரியும் தாயி?"

பொய் சொல்லியிருக்கலாம். போன மாதம்தான் தெரியும் என்றால் நம்பியிருப்பான். "மூணு வருசமா" என்றேன்.

"சாப்பிட்டியாண்ணேன்னு போன் போட்டியே, அன்னைக்கேவா?"

"ஆமாண்ணே."

"நீ என்னைய மன்னிச்சிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றான். "இவன் பொறந்தப்ப நான் வெளியில நின்னேனே. அன்னைக்கும் தெரியுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. மகனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி குத்தும்போது பிள்ளை வீறிட்டு அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. அழுகை அடங்கும்வரை விரலை அப்படியே கொடுத்துக்கொண்டு இருந்தான். பிறகு பிள்ளையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது எங்கள் லேபில் கிட் தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. மெஷின் காலுக்கு ஒரு மரத்துண்டு. பச்சப்பிள்ளை ரத்தம் என்றால் லேப்காரரே இரண்டு ஸ்லைடு போடுகிறார், இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கிற புரோகால்சிடோனின் பார்க்கவும் புது மெஷின் வந்திருக்கிறது. நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அவர் கண்ணில் தினமும் படுவதற்காகவே பார்க்கிறேன். அவரை நான் மன்னிக்கவில்லை.

அண்ணன் அவரோடு டீ குடிக்கிறான். லேப் வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியாகத் தெரியும். வீட்டுக்கும் வருகிறான். என் மகனைத் தூக்கி ஜீப்பில் உட்கார வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறான். நான் காபி கொண்டு போனால் விருட்டென்று எழுந்துவிடுவான். சீர் கொண்டு வந்தால் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான்.

அவன் என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. நான் ஆறு வருஷம் பேசாமல் இருந்தவள்.